வீசும் கையை விலை பேசுதல்

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் இலங்கை வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரனவை கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 18 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 13 கோடிக்குத் தக்கவைத்திருந்த அவரை சென்னை சூப்பர் கிங்ஸ் விடுவித்திருந்தது. 2022-இல் காயமடைந்த ஆடம் மில்னேவுக்கு மாற்றாக 20 லட்சத்துக்கு அவரைக் கூட்டிவந்ததும், 2023 கோப்பையை வென்ற ஆண்டில் கடைசி ஓவர்களை அவரிடம் ஒப்படைத்ததும் இதே சென்னைதான். அவருடைய தோளையும் முதுகையும் நான்கு ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் வேண்டாம் என்றார்கள். தொலைவிலிருந்து பார்த்தவர்கள் 5 கோடி கூட்டிக் கொடுத்தார்கள். இருவரிடமும் இருந்தது ஒரே காணொளி, ஒரே புள்ளிவிவரம். 2025-இல் அவர் ஓவருக்கு 10 ரன்னுக்கு மேல் கொடுத்திருந்தார் என்பதும் இருவருக்கும் தெரியும்.

பந்துவீச்சாளரை வாங்குவது எப்போதும் இப்படிப்பட்ட வியாபாரமாகத்தான் இருக்கிறது. பேட்ஸ்மேன் தப்பு செய்தால் அன்றைக்கு அவுட் ஆவார், அடுத்த ஆட்டத்தில் வருவார். பந்துவீச்சாளரின் உடம்பில் ஓர் எலும்பில் கீறல் விட்டால் ஒரு சீசனே போய்விடும். அப்படியானால் ஆட்டமில்லாத மாதங்களில் அணிகள் எதைப் பார்த்து விலை வைக்கின்றன? அந்தப் பார்வை எந்த ஊர் வரை எட்டுகிறது? இரண்டாவது கேள்வியைக் கேட்கக் காரணம், இதை எழுதுவது இராமநாதபுரம் கரையிலிருந்து.

இந்த வியாபாரத்தை நூறாண்டுக்கு மேல் நடத்திவருபவர்கள் அமெரிக்கர்கள். பேஸ்பாலில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அக்டோபர் கடைசியில் உலகத் தொடர் முடிந்ததும் அங்கே ஆள் பிடிக்கும் காலம் தொடங்கிவிடும். ஏலக் கூடம் கிடையாது, சுத்தியல் கிடையாது. ஆறு ஆண்டு பணி முடித்த ஆட்டக்காரர் சுதந்திரமாகிறார். அவருடைய முகவரும் அணிகளும் வாரக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் ஜப்பானின் யோஷினோபு யமமோட்டோவோடு 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அவருடைய பழைய அணியான ஓரிக்ஸ் பஃபலோஸுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் தனி. அதுவரை அவர் அமெரிக்க லீக்கில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. இரண்டே ஆண்டில், 2025 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் கணக்கு இருந்தது. 2001-இல் வோரோஸ் மெக்கிராக்கன் என்ற ரசிகர், எந்த அணியிலும் வேலை பார்க்காதவர், ஒரு விஷயத்தை எழுதினார். பேட்டில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்து ரன்னாகுமா அவுட்டாகுமா என்பதில் பிட்சருக்கு நாம் நினைக்கும் அளவு பங்கில்லை. ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும் அதைத் தீர்மானிக்கிறார்கள். பிட்சர் கையில் உண்மையாக இருப்பவை மூன்று: அடிக்க விடாமல் வெளியேற்றுவது, இலவசமாக ஓட விடாமல் இருப்பது, எல்லைக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. பழைய ஆட்கள் கொதித்தார்கள். பிற்பாடு திருத்தங்கள் வந்தன, அடிப்படை நின்றது. 2015 முதல் அங்கே முதன்மை லீக் மைதானங்கள் அனைத்திலும் பந்தின் வேகம், சுழற்சி, கை விடும் உயரம் எல்லாம் கருவியில் பதிவாகின்றன. இன்றைக்கு அங்கே ஒரு பிட்சரை வாங்குபவர், போன ஆண்டு என்ன நடந்தது என்பதை விட அந்தப் பந்துக்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்பதையே பார்க்கிறார்.

கிரிக்கெட்டில் இதற்கு நேரான பாடம் எளிது. லாங் ஆனில் கேட்ச் பிடிபட்டால் விக்கெட், கைநழுவினால் ஆறு. பந்து அதே பந்துதான். ஒருவருக்கு நான்கு ஓவரே கிடைக்கும் ஆட்டத்தில் இப்படி இரண்டு நடந்தால் போதும், ஒருவருடைய சீசனே மாறித் தெரியும். ஜெய்தேவ் உனத்கட் 2017-இல் புனே அணிக்காக 24 விக்கெட் எடுத்தார். 2018 ஏலத்தில் ராஜஸ்தான் 11.5 கோடி கொடுத்தது. அந்த ஆண்டு 11 விக்கெட், அணி விடுவித்தது. அடுத்த ஏலத்தில் அதே ராஜஸ்தான் அதே ஆளை 8.4 கோடிக்குத் திரும்ப வாங்கியது! ஒரே ஆண்டில் தன் கருத்தைத் தானே இருமுறை மாற்றிக்கொண்ட அணியிடம் ரகசியச் சூத்திரம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, இங்கே எதை அளக்கிறார்கள்? மொத்த விக்கெட், மொத்த எகானமி ஆகியவற்றை இப்போது யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. பவர்பிளேயின் ஆறு ஓவரில் ஓவருக்கு 8 ரன் கொடுப்பது சாதாரணம். அதே 8 ரன்னைப் பதினெட்டாவது ஓவரில் கொடுப்பவர் தங்கம். ஆகவே ஓவர்களைக் கூறுபோட்டுப் பார்க்கிறார்கள்: புதுப்பந்தா, நடு ஓவரா, கடைசி நான்கா. இடது கை வேகமா, மணிக்கட்டுச் சுழலா, எந்த வகை பேட்ஸ்மேனிடம் அடி வாங்குகிறார் என்று துருவுகிறார்கள். சொந்த மைதானத்தோடு பொருத்துகிறார்கள். 2025 சீசனுக்காகச் சென்னை ஆப்கானிஸ்தானின் நூர் அகமதுக்கு 10 கோடியும், வீட்டுப் பிள்ளை அஸ்வினுக்கு 9.75 கோடியும் கொடுத்ததற்குச் சேப்பாக்கத்து மண் ஒரு காரணம். நூர் 24 விக்கெட் எடுத்தார். அணி கடைசி இடத்தில் முடித்தது. பந்துவீச்சாளரைச் சரியாக வாங்குவதும் கோப்பை வாங்குவதும் வேறு வேறு.

காயம்தான் எந்த அட்டவணைக்கும் அடங்காதது. 2018-இல் 80 லட்சத்துக்கு வந்த தீபக் சாஹருக்கு 2022-இல் சென்னை 14 கோடி கொடுத்தது. அந்த சீசனில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. அதே ஏலத்தில் மும்பை, அந்த ஆண்டு ஆட மாட்டார் என்று தெரிந்தே ஜோஃப்ரா ஆர்ச்சருக்கு 8 கோடி கொடுத்தது. பேஸ்பாலில் முழங்கை இணைப்பு நார் அறுந்தவருக்கு வேறிடத்துத் தசைநாணை எடுத்துத் தைக்கும் அறுவை 1974 முதல் நடக்கிறது. முதலில் செய்துகொண்ட டாமி ஜான் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எறிந்தார். அறுவைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. நீண்ட ஒப்பந்தம் போடுபவர்கள் அங்கே அறுவைக்குப் போகும் ஓர் ஆண்டையும் கணக்கில் சேர்த்தே போடுகிறார்கள். நம் ஊர் ஏலத்தில் அதற்கு நேரமேது? மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள்.

பாம்பன் கரையில் மீன் ஏலம் எடுப்பவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். ஐபிஎல் ஏலத்தில் செவுள் கிடையாது. பெயர் எந்த வரிசையில் வருகிறது, அந்த நேரத்தில் யார் கையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பவையே பாதி விலையைத் தீர்மானிக்கும். பத்திரன ஏலத்தில் வந்த அன்று, கொல்கத்தா 64.30 கோடியோடு, எல்லா அணிகளையும் விடப் பெரிய பையோடு வந்திருந்தது. 2023 டிசம்பரில் மிட்செல் ஸ்டார்க்குக்கு அதே கொல்கத்தா 24.75 கோடி கொடுத்தபோது குஜராத் விடாமல் துரத்தியது. ஸ்டார்க் முதல் இரண்டு ஆட்டங்களில் 8 ஓவரில் 100 ரன் கொடுத்து விக்கெட் இல்லாமல் நின்றார், ஊரே சிரித்தது. பிறகு முதல் தகுதிச் சுற்றிலும் இறுதியாட்டத்திலும் ஆட்ட நாயகன் ஆகிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். விலை சரியா தப்பா என்று கேட்டால், எந்தத் தேதியில் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக் கதைகளில் இரண்டை நின்று பார்க்கலாம். வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்தவர். 2018 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) மதுரை பேந்தர்ஸுக்காகப் போட்ட புரியாத சுழலைப் பார்த்து, அந்த டிசம்பரில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்குப் பஞ்சாப் தூக்கியது. உனத்கட் திரும்பி வந்த அதே ஏலம், அதே விலை. 2019-இல் வருணுக்குக் கிடைத்தது ஒரே ஆட்டம். முதல் ஓவரில் 25 ரன் போயிற்று, அடித்தவர் பெரும்பாலும் சுனில் நரைன். அடுத்து விரலில் காயம். பஞ்சாப் கைவிட, கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. அங்கேதான் அவர் ஆளானார். 2022-இல் 8 கோடிக்கும் 2025-இல் 12 கோடிக்கும் தக்கவைத்தார்கள். முதல் விலை சரி, வாங்கியவர் பொறுமைதான் பற்றவில்லை.

நடராஜன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருக்கும். ஆனால் படிகளை எண்ணிப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து. அங்கே அவரைக் கண்டுகொண்ட ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அனுப்புகிறார். சென்னை லீக்கில் கீழ்ப் பிரிவு, பிறகு மேல் பிரிவு. 2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம். அதே கையோடு, வீச்சு சந்தேகத்துக்குரியது என்ற புகார். கையைத் திருத்திக்கொண்டு வர ஓர் ஆண்டுக்கு மேல். 2016-இல் டிஎன்பிஎல் தொடங்க, திண்டுக்கல்லுக்காக ஒரு சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கர். அது தொலைக்காட்சியில் போயிற்று. 2017-இல் 10 லட்சம் அடிப்படை விலை, 3 கோடிக்குப் பஞ்சாப். அடுத்த ஆண்டே 40 லட்சத்துக்கு ஹைதராபாத். 2020-இல் யார்க்கர் மழை, அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவில் மூன்று வடிவத்திலும் இந்திய அறிமுகம். 2025-இல் டெல்லி 10.75 கோடி. இதில் எந்தப் படி இல்லாமல் போயிருந்தாலும் நடராஜன் இன்றும் சின்னப்பம்பட்டியின் நல்ல பவுலர், அவ்வளவே. அந்த யார்க்கர் சேலத்துத் தரிசில் விழுந்தபோதும் இதே யார்க்கர்தான். சந்தைக்கு அது பதிவான அன்றுதான் பிறந்தது.

இப்போது நம் கரைக்கு வருவோம். மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், தொண்டி என்று எங்கே பார்த்தாலும் டென்னிஸ் பந்துதான். கோடையில் வற்றிய கண்மாய் மைதானமாகிறது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் சீமைக்கருவேலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பையன்கள் கரையில் இருக்கும் காலம், போட்டிகளுக்கும் அதுவே காலம். இங்கேயும் ஆள் எடுப்பு உண்டு. கெஸ்ட் பிளேயர் என்று வெளியூர் பவுலரைக் கூப்பிடுவார்கள்: போக்குவரத்து, சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். 2024-இல் வந்த ‘லப்பர் பந்து’ படம் இந்த உலகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. மதிப்பீடு எப்படி? போன வாரம் பக்கத்து ஊரில் என்ன செய்தான் என்று ஒரு போன். கை மடங்குகிறதா, மாங்கா எறிகிறானா என்று எதிரணியின் சண்டை. கேலியாகச் சொல்லவில்லை, கடைசி ஓவரில் 6 ரன்னைக் காப்பவன் யார் என்பது இந்த ஊர்களில் துல்லியமாகத் தெரியும். தெரிந்தது அந்த ஊர்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கடலோரத்தில் வளர்ந்த தோள்களில் தனிச் சரக்கு இருக்கிறது, வலை இழுக்கும் கை யார்க்கரும் போடும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அந்தச் சோதனை வேறு வடிவில் நடந்து முடிந்துவிட்டது. 2008-இல் அமெரிக்க முகவர் ஒருவர் இந்தியாவில் வேகமாக எறிபவர்களைத் தேடிப் போட்டி நடத்தினார். ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். 2014-இல் டிஸ்னி படம்கூட எடுத்தது. இருவரும் கீழ் மட்ட லீக்கைத் தாண்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார். வேகம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உம்ரான் மாலிக் இருக்கிறார். ஜம்முவின் வலைப்பயிற்சி பவுலர், 2021-இல் கோவிட் வந்த நடராஜனுக்கு மாற்றாக ஹைதராபாத்துக்குள் வந்தார். மணிக்கு 150-ஐத் தாண்டிய வேகத்துக்காக 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார், 2022-இல் 22 விக்கெட்டும் எடுத்தார். 2025 ஏலத்தில் அவர் விலை 75 லட்சம்.

ஆகையால் கேள்வி தோளைப் பற்றியதில்லை, ஏணியைப் பற்றியது. ஒப்பிட அக்கரை இலங்கையைப் பார்க்கலாம். காலிக்கு அருகே ரத்கம என்ற கடலோர ஊரில் மணலில் டென்னிஸ் பந்து போட்டு வளர்ந்தவர் லசித் மாலிங்க. பள்ளியில் ஆடும்போது பயிற்சியாளர் சம்பக ராமநாயக்க கண்ணில் பட்டார். மும்பைக்காக 170 ஐபிஎல் விக்கெட். 2019 இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னையின் ஷர்துல் தாக்கூரைச் சாய்த்த வலி இங்கே இன்னும் ஆறவில்லை. தனுஷ்கோடிக்கு இன்னும் கிட்டத்தில் யாழ்ப்பாணம். யாழ் மத்திய கல்லூரியில் சுழல் போட்ட விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020-இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினார், 2024 மே மாதம் ஹைதராபாத்துக்காக ஐபிஎல்லில் இறங்கினார். போர் தின்ற ஊர், ஆனால் பள்ளிக் கிரிக்கெட் சாகவில்லை; தோல் பந்தும் ஸ்கோர் புத்தகமும் பதின்ம வயதிலேயே கைக்கு வந்துவிட்டன.

எல்லைப்புற ஊர் என்பதும் சாக்கு ஆகாது. பாரமுல்லாவின் ஆகிப் நபியை 2025 டிசம்பர் ஏலத்தில் டெல்லி 8.4 கோடிக்கு எடுத்தது. (இந்த எட்டேகால் சொச்சக் கோடிக்கும் பவுலர்களுக்கும் என்னதான் உறவோ!) ஆனால் ஜம்மு காஷ்மீருக்கு என்று ஒரு ரஞ்சி அணி உண்டு. நபி தன் ஊர்க்காரர்களோடு மட்டும் மோதி இடம் பிடித்தால் போதும், பிறகு நாடே பார்க்கும் ஸ்கோர் அட்டையில் அவர் பெயர் ஏறும். இராமநாதபுரத்துப் பையன் மோத வேண்டியது முழுத் தமிழ்நாட்டோடு. மாவட்டச் சங்கம், மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, அதற்குப் பிறகு சென்னை லீக். கம்பெனி அணியில் ஓர் இடம், தங்க ஓர் அறை, ஓர் இரவு ரயில். 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறக்கும் வரை அந்த ரயில்கூட இராமேசுவரம் தீவுக்குள் வரவில்லை. டிஎன்பிஎல் ஆட்டங்கள் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி, சேலம், கோவை என்று சுற்றுகின்றன. இந்த மாவட்டத்துக்கு வந்ததில்லை. பக்கத்தில் இருந்த காரைக்குடி காளையும் திருப்பூருக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது.

பதிவு என்பதற்கு இப்போது ஒரு குறுக்கு வழி வந்திருக்கிறது. கிரிக்ஹீரோஸ் போன்ற செயலிகளில் டென்னிஸ் பந்து ஆட்டங்கள்கூடப் பந்துக்குப் பந்து ஏறுகின்றன. 2024-இல் தொடங்கிய ஐஎஸ்பிஎல் டென்னிஸ் பந்துக்கென்றே ஏலம் நடத்துகிறது. சென்னை அணி நடிகர் சூர்யாவுடையது. நல்லதுதான். ஆனால் தையல் இல்லாத பந்தில் எடுத்த விக்கெட் தோல் பந்தில் என்ன ஆகும் என்று எந்தச் செயலியும் சொல்லாது. ஒருவர் நேரில் வந்து, தோல் பந்தைக் கையில் கொடுத்து, இரண்டு வாரம் பார்த்தால்தான் தெரியும். நடராஜன் தன் ஊரில் மைதானம் கட்டி 2023-இல் திறந்தது அதற்காகத்தான். அவருடைய கைப்பிடியில் வந்த பெரியசாமி 2019 டிஎன்பிஎல் இறுதியாட்டத்தில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். முதல் ஆள் வந்துவிட்ட ஊருக்கு இரண்டாவது ஆள் எளிது. இங்கே முதல் ஆள் இன்னும் வரவில்லை.

டிஎன்பிஎல் 2023-இல் டிராஃப்டை விட்டு ஏலத்துக்கு மாறியது. அந்த ஆண்டு அணிக்கு 70 லட்சம் பை, அடிமட்ட அடிப்படை விலை ஒன்றரை லட்சம். அந்த விலையில் ஓர் அறியாத கையை எடுத்துப் பார்ப்பதில் அணிக்கு நட்டம் பெரிதில்லை. ஏலம் பிப்ரவரியில் நடக்கிறது, ஆட்டம் ஜூன் அல்லது ஜூலையில் தொடங்குகிறது. நம் கரையின் பையன்கள் பந்து வீசுவது அவை இரண்டுக்கும் நடுவில், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏலத்தில் உட்காருபவர் கையில் இருப்பது முந்தைய ஆண்டின் லீக் பட்டியல். ஏப்ரல், மே மாதங்களில் திறமை தேடுவோர் எல்லோரும் ஐபிஎல்லில் இருக்கிறார்கள். ஏதாவது ஓர் அணி ஒரே ஒரு பயிற்சியாளரை, ஒரு பை தோல் பந்தோடு, மே மாதம் இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்கு அனுப்பினால் ஆகும் செலவு, அந்த ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது.